வேகத்துக்கு வயதானால் என்ன செய்வது? பழைய அதிவேக டீசல் ரயில்களைப் பாதுகாக்கும் கதை

பழைய ரயில்களைப் பாதுகாப்பது என்றதும் பெரும்பாலோருக்கு நீராவி எஞ்சின்தான் நினைவுக்கு வரும். கரி, புகை, பித்தளைக் குழாய்கள், நீண்ட விசில். டீசல் ரயிலையும் யாராவது ஆசை ஆசையாகக் கழுவித் துடைத்து வைத்துக்கொள்வார்களா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ரயில் ரசிகர்களின் பார்வையில் நீராவியை ஒழித்துக்கட்டிய வில்லனே டீசல்தான். வில்லனுக்கு யாரும் சட்டென்று சிலை வைக்க மாட்டார்கள்.

ஆனால் வைக்கிறார்கள். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் பழைய அதிவேக டீசல் ரயில்கள் அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. சில இன்னும் ஓடுகின்றன. வார விடுமுறையில் கையெல்லாம் கிரீஸாகச் சம்பளமில்லாமல் அவற்றைப் பழுதுபார்க்கும் ஆட்களும் இருக்கிறார்கள். ஏன் பாதுகாக்கிறார்கள், அதில் என்னென்ன சிக்கல்கள் இருக்கின்றன என்பதை இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக எழுதுகிறேன். பெரும்பகுதி ஒரே ஒரு ரயிலைப் பற்றித்தான் இருக்கும்: பிரிட்டனின் இன்டர்சிட்டி 125. பாதுகாப்பில் எழக்கூடிய கேள்விகள் ஏறக்குறைய எல்லாமே கடந்த சில ஆண்டுகளில் இந்த ஒரு ரயிலுக்கு வந்துவிட்டன என்பதுதான் காரணம்.

முதலில் கொஞ்சம் பின்கதை

டீசலையும் வேகத்தையும் முதலில் பெரிய அளவில் சேர்த்துக் காட்டியது ஜெர்மனி. 1933 மே மாதம் பெர்லினுக்கும் ஹாம்பர்க்குக்கும் இடையே இரண்டே பெட்டிகள் கொண்ட ஒரு ரயில் ஓடத் தொடங்கியது. மக்கள் அதை 'பறக்கும் ஹாம்பர்க்காரன்' என்று அழைத்தார்கள். உச்ச வேகம் மணிக்கு 160 கி.மீ.; 286 கி.மீ. தூரத்தை 138 நிமிடங்களில் கடந்தது. மறு ஆண்டே அமெரிக்கா பதில் சொன்னது. 1934 மே 26 அன்று, துருப்பிடிக்காத எஃகால் பளபளவென்று கட்டிய 'பயனியர் செஃபிர்' டென்வரில் விடியற்காலையில் கிளம்பி, 1,600 கி.மீ.க்கும் அதிகமான தூரத்தை ஓடி, அன்று மாலையே சிகாகோ வந்து சேர்ந்தது. மொத்தம் 13 மணி 5 நிமிடம். அந்தப் பயணத்தில் ஒரு கழுதையும் வந்தது. விளம்பரத்துக்கு எதையும் செய்வார்கள், அந்தக் காலத்திலும்!

செஃபிர் இன்று சிகாகோவின் அறிவியல் அருங்காட்சியகத்தில் முழு ரயிலாகவே நிற்கிறது. ஹாம்பர்க்காரனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதன் முன்பகுதி மட்டும்தான் நூரம்பெர்க் ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு ரயிலை லைப்சிக் நிலையத்துக்குள்ளேயே, மற்ற ரயில்கள் வந்து போகும் தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ரயில் பிடிக்க ஓடுகிறவர்களும் அதைப் பார்க்காமல் போக முடியாது. டிக்கெட் வாங்கி நுழையும் அருங்காட்சியகத்தைவிட எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

சரி, பிரிட்டனுக்கு வருவோம்.

தற்காலிக ரயில்

1960களின் இறுதியில் பிரிட்டிஷ் ரயில்வேக்கு ஒரு நெருக்கடி. நெடுஞ்சாலைகள் வந்துவிட்டன, கார்கள் பெருகிவிட்டன. பயணிகளைத் தக்கவைக்க வேண்டுமென்றால் வேகம் வேண்டும். புதிய பாதை போடப் பணமில்லை. எல்லாத் தடங்களுக்கும் மின்கம்பி இழுக்கவும் பணமில்லை. விக்டோரியா காலத்துத் தண்டவாளங்களில்தான் ஓடியாக வேண்டும்.

இதற்கு அவர்களிடம் ஒரு பெரிய கனவு இருந்தது. வளைவுகளில் சாய்ந்துகொண்டே பாயும் புதுமையான ரயில் ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அது இழுத்துக்கொண்டே போனது. அதுவரை ஒப்பேற்ற, இருக்கிற தொழில்நுட்பத்தை வைத்தே விரைவாக ஒரு டீசல் ரயிலைச் செய்துவிடலாம் என்று சொன்னவர் தலைமைப் பொறியாளர் டெர்ரி மில்லர். 1970இல் அனுமதி கிடைத்தது; 1972இல் மாதிரி ரயில் தயார். 1973 ஜூன் 12 அன்று நார்தாலர்டனுக்கும் தர்ஸ்க்குக்கும் இடையே அது மணிக்கு 230 கி.மீ. வேகத்தைத் தொட்டது. டீசல் ரயில்களில் அன்றைக்கு அது உலக சாதனை.

சாயும் ரயில் 1981 டிசம்பரில் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடத் தொடங்கி, கோளாறுகளால் பத்திரிகைகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, பிறகு கைவிடப்பட்டது. ஒப்பேற்றச் செய்த ரயிலோ 1976 அக்டோபர் 4 அன்று லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து பயணிகள் சேவையைத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. 125 என்ற எண், மணிக்கு 125 மைல் என்பதைக் குறிக்கிறது. அதாவது 201 கி.மீ. சோதனை ஓட்டத்தில் எட்டிப் பிடிக்கிற வேகமில்லை இது. கால அட்டவணை போட்டு, தினமும், மழையிலும் பனியிலும் ஓடிய வேகம்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1960இல் பிரிட்டனில் 'புளூ புல்மன்' என்று ஒரு சொகுசு டீசல் ரயில் வந்தது. அதில் ஏறக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். பணக்கார வியாபாரிகளின் ரயில். 125 அப்படியில்லை. குளிரூட்டிய பெட்டி, மென்மையான ஓட்டம், அதிவேகம் எல்லாமே சாதாரண டிக்கெட்டுக்குக் கிடைத்தன. கல்லூரிக்குப் போகிற பையனும் பாட்டி வீட்டுக்குப் போகிற குடும்பமும் ஏறிய ரயில் அது. பிற்பாடு அதைக் காப்பாற்ற இத்தனை பேர் முன்வந்ததற்கு இதையே முதல் காரணமாகச் சொல்வேன். தான் ஏறிப் போகாத ரயிலுக்காக யாரும் தன் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்க மாட்டார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது?

பாதுகாப்பதில் உள்ள சிக்கல் புரிய வேண்டுமென்றால் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த ரயிலில் டீசல் எஞ்சின் சக்கரத்தை நேரடியாகச் சுற்றுவதில்லை. எஞ்சின் ஒரு ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது. அதில் பிறக்கும் மின்சாரம் சக்கரங்களோடு இணைந்த மோட்டார்களுக்குப் போகிறது. சொந்த மின் நிலையத்தைத் தன் முதுகிலேயே சுமந்துகொண்டு ஓடும் மின்சார ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேகமாக ஓட நிறைய சக்தி வேண்டும். ஒரே பெரிய எஞ்சினில் அந்தச் சக்தியை அடைத்தால் எடை ஏறும். எடை ஏறிய எஞ்சின் 200 கி.மீ. வேகத்தில் ஓடினால் தண்டவாளத்தை அடித்துத் துவைத்துவிடும். அதனால் சக்தியை இரண்டாகப் பிரித்தார்கள். ரயிலின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பவர் கார், அதாவது எஞ்சின் வண்டி. ஒவ்வொன்றும் 70 டன், 2,250 குதிரைத்திறன். நடுவில், மேற்குப் பகுதிக்கு ஓடியவற்றில் ஏழு பெட்டிகள், லண்டனிலிருந்து எடின்பரோ போகும் கிழக்குக் கடற்கரைத் தடத்தில் ஓடியவற்றில் எட்டுப் பெட்டிகள். ஒன்று இழுக்கும், ஒன்று தள்ளும். கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்டும் வேலையே இல்லை. ஓட்டுநர் இறங்கி மறுமுனைக்கு நடந்து போனால் போதும்.

வேகத்தைவிட நிற்பதுதான் பெரிய சாமர்த்தியம். பழைய பாதைகளின் சிக்னல்கள், மணிக்கு 100 மைலில் வரும் ரயில் நிற்பதற்கு ஏற்ற இடைவெளியில் நடப்பட்டிருந்தன. அவற்றையெல்லாம் பிடுங்கி நடாமல், 125 மைலில் வரும் ரயிலை அதே தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய டிஸ்க் பிரேக்குகளை வைத்தார்கள். புதிய பாதை போடாமலே அதிவேகம் சாத்தியமானதற்கு இதுவும் ஒரு காரணம்.

1982 வரை மொத்தம் 197 பவர் கார்களைக் குரூவ் பணிமனையில் கட்டினார்கள். பெட்டிகள் டெர்பியில் தயாராயின.

அந்த மூக்கு

இந்த ரயிலின் படத்தை ஒருமுறை பார்த்தவர்கள் அதன் முகத்தை மறப்பதில்லை. கூர்மையாகச் சரிந்து இறங்கும் மஞ்சள் மூக்கு, அகலமான ஒற்றைக் கண்ணாடி. இதை வடிவமைத்தவர் கென்னத் கிரேஞ்ச். ரயில் பொறியாளர் இல்லை. கென்வுட் மிக்ஸி, கோடக் கேமரா, பார்க்கிங் மீட்டர் என்று வீட்டுக்கும் தெருவுக்குமான பொருட்களை வடிவமைத்தவர். ரயில்வே அவரிடம் கேட்டது வண்ணப்பூச்சு மட்டும்தான். மனிதருக்கு அந்த முகமே பிடிக்கவில்லை. கேட்காமலேயே லண்டன் இம்பீரியல் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் மாதிரிகளை வைத்துச் சோதித்து, புதிய மூக்கையே செய்து கொண்டுபோய்க் காட்டினார்.

முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் இரண்டு பஃபர்களும் அப்போது போய்விட்டன. மற்ற பெட்டிகளை முட்டித் தள்ளத்தான் பஃபர்; இந்த ரயில் யாரையும் முட்டித் தள்ளப் போவதில்லையே, பிறகு எதற்கு? கண்ணாடிக்கும் ஒரு கதை உண்டு. மாதிரி ரயிலில் ஓட்டுநர் நட்டநடுவில் தனியாக உட்காரும்படி சிறிய ஜன்னல்தான் இருந்தது. இரண்டு பேர் உட்கார இடம் வேண்டும் என்று ஓட்டுநர் சங்கம் அழுத்தியது. அகலமான முகம் அப்படி வந்ததுதான். நல்ல வடிவம் கலைஞனின் மேசையில் மட்டும் பிறக்கிறது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

சாதனை, அதன் சர்ச்சை

1987 நவம்பர் 1 அன்று, புதிய பெட்டிகளுக்கான சக்கரச் சட்டகங்களைச் சோதிக்கும் ஓட்டம் ஒன்று யார்க்ஷயரில் நடந்தது. 43102, 43159 என்ற இரு பவர் கார்கள் பூட்டிய அந்த ரயில் மணிக்கு 239 கி.மீ.யைத் தொட்டது. டீசல் ரயில்களின் உலக சாதனை என்று பிரிட்டனில் இன்றும் இதைத்தான் சொல்வார்கள். ரஷ்யர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுடைய டெப்-80 என்ற டீசல் எஞ்சின் 1993இல் 271 கி.மீ. ஓடியதாகக் கணக்குச் சொல்கிறார்கள். அந்த எஞ்சினும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ரயில் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. யாருடையது அதிகாரபூர்வமானது என்று இரு தரப்பு ரசிகர்களும் சண்டை போட்டுக்கொள்ளட்டும். எனக்கு வியப்பு வேறு இடத்தில். டெப்-80 சாதனை செய்துவிட்டு ஒதுங்கிவிட்டது. 43102 வழக்கம்போலப் பயணிகளைச் சுமக்கத் திரும்பிப் போய், அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுமந்துகொண்டே இருந்தது.

ஏன் ஓய்வு கொடுத்தார்கள்?

வேகம் குறைந்ததாலா? இல்லை. கதவாலும் கழிப்பறையாலும்.

இந்த ரயிலிலிருந்து இறங்குவது எப்படி என்று சொல்கிறேன். கதவுக்கு உட்பக்கம் கைப்பிடி கிடையாது. முதலில் கதவிலிருக்கும் ஜன்னல் கண்ணாடியைக் கீழே இறக்க வேண்டும். தலையை வெளியே நீட்டாமல் கையை மட்டும் வெளியே விட்டு, கதவின் வெளிப்புறத்திலிருக்கும் கைப்பிடியைத் தடவிப் பிடித்துத் திருப்ப வேண்டும். கனமான கதவு வெளிப்பக்கம் திறக்கும். மழை பெய்தால் சட்டைக்கை நனையும். இறங்கியபின் ஓங்கி அறைந்து சாத்த வேண்டும். எல்லாரும் சாத்தும்போது நடைமேடை நெடுக 'தடார் தடார்' என்று சத்தம் ஓடும். ஓடும் ரயிலில் யாரும் திறந்துவிடக் கூடாதென்று 1990களில் நடத்துநர் கட்டுப்பாட்டில் மையப் பூட்டு வைத்தார்கள். ஆனாலும் கையை வெளியே விட்டுத் திறக்கும் வேலை தொடர்ந்தது.

சக்கர நாற்காலியில் வருபவரோ, கையில் வலுவில்லாதவரோ இந்தக் கதவை என்ன செய்வார்? கழிப்பறைக் கழிவு வேறு நேராகத் தண்டவாளத்தில் விழுந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதிகளுக்கு 2020 தொடக்கம் கெடுவாக வந்தது. தானியங்கிக் கதவும் கழிவுத் தொட்டியும் பொருத்தாத பெட்டிகள் அன்றாடச் சேவையிலிருந்து போக வேண்டியதாயிற்று. ஸ்காட்லாந்திலும் மேற்கு இங்கிலாந்திலும் சில ரயில்களுக்கு மட்டும் செலவு செய்து நகரும் கதவுகள் பொருத்தி, நீளத்தைக் குறைத்து ஓட்டினார்கள்.

2019 மே 18 அன்று பேடிங்டனிலிருந்து கடைசி நெடுந்தூர 125கள் கிளம்பின. அதே ஆண்டு டிசம்பரில் கிழக்குக் கடற்கரைத் தடத்தில் நான்கு நாள் விடைபெறும் பயணம் நடந்தது. பவர் கார்களுக்கு 1970களின் நீலமும் மஞ்சளும் பூசி ஓட்டினார்கள். 2021 மே மாதம் கிழக்கு மிட்லண்ட்ஸ் பகுதியிலும் 2023 செப்டம்பரில் நாட்டின் குறுக்காக ஓடிய தடங்களிலும் சேவை முடிந்தது. ஒவ்வொரு விடைபெறுதலுக்கும் நடைமேடைகளில் கூட்டம் கூடியது.

இந்த இடத்தில் ஒரு கசப்பான விஷயத்தைத் தவிர்த்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. 2020 ஆகஸ்ட் 12 அன்று ஸ்காட்லாந்தின் கார்மன்ட் அருகே கனமழைக்குப் பிறகு தண்டவாளத்தில் அடித்து வந்து கிடந்த சரளைக் கற்களில் ஏறி ஒரு 125 ரயில் தடம் புரண்டது. ஓட்டுநர், நடத்துநர், ஒரு பயணி என மூவர் இறந்தார்கள். விபத்துக்குக் காரணம் ரயிலின் வயது இல்லை. ஆனால் நவீன மோதல்-பாதுகாப்புத் தரத்தில் கட்டிய ரயிலாக இருந்திருந்தால் விளைவு இவ்வளவு மோசமாக இருந்திருக்காது என்பதே விசாரணை அமைப்பின் கணிப்பு. 'நல்லா ஓடுற ரயிலை ஏன் நிறுத்துறாங்க' என்று அங்கலாய்க்கும் ரசிகர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அன்றாடச் சேவைக்கு ஒரு ரயில் பொருந்துமா என்பதும் அதை நினைவுச் சின்னமாக வைத்துக்கொள்ளலாமா என்பதும் தனித்தனிக் கேள்விகள்.

பாதுகாப்பது என்றால் எதை?

இப்போது விஷயத்துக்கு வந்துவிட்டோம். ஒரு ஓவியத்தைப் பாதுகாப்பது என்றால் எதைப் பாதுகாக்க வேண்டும் என்பதில் குழப்பமில்லை. அதிவேக ரயிலில் குழப்பம்தான் முழுக்க.

முதல் வழி, ஓடாமல் நிறுத்தி வைப்பது. 1976இல் சேவைக்கு வந்த தலைமுறையின் மூத்த பிள்ளைகளில் ஒன்றான 43002 என்ற பவர் கார், யார்க்கிலுள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்கு 2019இல் போய்ச் சேர்ந்தது. அதற்குள் அதன் மேல் பல நிறுவனங்களின் வண்ணங்கள் ஏறி இறங்கியிருந்தன. 2016இல் நாற்பதாவது ஆண்டை ஒட்டி அதற்குப் பழைய நீலம், மஞ்சள் பூசி, 'சர் கென்னத் கிரேஞ்ச்' என்று பெயரும் வைத்தார்கள். கிரேஞ்ச் அப்போது உயிரோடு இருந்தார். 2024இல் தன் 95ஆவது வயதில் காலமானார். சாதனை படைத்த 43102, டர்ஹம் மாவட்டம் ஷில்டனிலுள்ள அதே அருங்காட்சியகத்தின் கிளைக்குப் போனது.

பார்வைக்கு 43002 அப்படியே 1976தான். மூடியைத் திறந்தால் கதை வேறு. அதன் உள்ளே இருப்பது முதலில் வைத்த பேக்ஸ்மன் வேலன்டா எஞ்சின் இல்லை. இரண்டாயிரங்களில் மாற்றிப் பொருத்திய ஜெர்மானிய எம்டியூ எஞ்சின். வேலன்டா புகை கக்கும், எரிபொருள் குடிக்கும், சத்தம் போடும். ரயில் நிறுவனங்கள் அதை மாற்றியது சரியான முடிவுதான்.

ஆனால் ரசிகர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தச் சத்தம்தானே 125 என்பார்கள். பன்னிரண்டு சிலிண்டர் வேலன்டா, நிலையத்திலிருந்து கிளம்பும்போது அதன் டர்போசார்ஜர் எழுப்பும் ஓலம் ஒரு கிரீச்சலில் தொடங்கிக் கூர்மையாகிக்கொண்டே போகும். பேடிங்டனின் வளைந்த இரும்புக் கூரைக்கு அடியில் அது எதிரொலித்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. குடியிருப்புவாசிகளுக்கு இம்சை; ரசிகர்களுக்குக் கச்சேரி. 2010 முடிவதற்குள் பயணிகள் சேவையிலிருந்த கடைசி வேலன்டாவும் மாற்றப்பட்டுவிட்டது. அதன் பிறகு வந்த பத்துச் சொச்சம் ஆண்டுகள் ஓடியது அதே முகம்தான், குரல் வேறு.

அதனால் '125 குழு' என்ற தன்னார்வ அமைப்பு வேறொரு வேலையைக் கையிலெடுத்தது. 1972இன் மாதிரி ரயிலிலிருந்த இரண்டு பவர் கார்களில் ஒன்று 1990இல் காயலான் கடைக்குப் போய்விட்டது. மிஞ்சிய 41001 அருங்காட்சியகத்தில் அசையாமல் நின்றிருந்தது. அதை ஓட வைப்போம் என்று அனுமதி வாங்கினார்கள். டெர்ரி மில்லரின் நினைவாக 'மில்லர் திட்டம்' என்று பெயர். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருளாக இருந்த ஒரு வேலன்டா எஞ்சினைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். அருங்காட்சியகத்திலிருந்து வெளியே எடுத்து மறுபடி வேலைக்கு அனுப்பிய எஞ்சின்! 2014இல் 41001 நாட்டிங்காம் அருகேயுள்ள பாரம்பரியப் பாதையில் பயணிகள் ரயிலை இழுத்தது.

இதுதான் இரண்டாவது வழி. ஓட்டிக் காட்டுவது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிரிட்டனின் பாரம்பரிய ரயில் பாதைகளில் வேக வரம்பு பொதுவாக மணிக்கு 25 மைல், அதாவது 40 கி.மீ. இருநூறில் பாய்வதற்கென்றே மூக்கைச் செதுக்கிய ரயில், சைக்கிளில் கொஞ்சம் முனைந்து மிதித்தால் எட்டிவிடக்கூடிய வேகத்தில் வயல்களுக்கு நடுவே போகும். மூக்கைக் காப்பாற்றலாம், குரலைக் காப்பாற்றலாம். வேகத்தை அங்கே காப்பாற்ற முடியாது. நீராவி எஞ்சினுக்கு இந்தப் பிரச்சினை அவ்வளவு உறைக்காது. அது மெதுவாகப் போனாலும் பார்க்க ஆயிரம் விஷயம் இருக்கும். அதிவேக ரயில் மெதுவாகப் போனால் பாதி ரயில்தான் போகிறது என்பது என் எண்ணம்.

வேகமும் வேண்டும் என்றால் மூன்றாவது வழிதான் உண்டு. பிரதான தடங்களிலேயே சுற்றுலா ரயிலாக ஓட்டுவது. செலவு அதிகம். இன்றைய பாதுகாப்புக் கருவிகள், சான்றிதழ்கள், தகுதி பெற்ற ஓட்டுநர்கள் எல்லாம் வேண்டும். தன்னார்வலர்களின் கையிருப்பில் இது ஆகாது, நிறுவனம் வேண்டும். குரூவில் இயங்கும் ஒரு சுற்றுலா ரயில் நிறுவனம் 2020இல் ஒரு 125க்கு அடர்நீலம் பூசி, உள்ளே வெள்ளை மேசை விரிப்பும் விருந்துமாக 'மிட்லண்ட் புல்மன்' என்று ஓட்டத் தொடங்கியது. அந்த நீலம், முன்பு சொன்னேனே, 1960இன் புளூ புல்மன், அதனுடையது.

புளூ புல்மன் என்ன ஆனது தெரியுமா? 1970களில் ஓய்வு கொடுத்தார்கள். உடைத்தார்கள். ஒரு பெட்டிகூட மிஞ்சவில்லை. அன்றைக்கு ரசிகர்கள் நீராவி எஞ்சின்களைக் காப்பாற்றும் மும்முரத்தில் இருந்தார்கள். டீசலைப் பற்றி யோசிக்க ஆளில்லை. ஆக இன்றைக்கு ஓடுவது, ஒரு பாதுகாக்கப்பட்ட ரயில், பாதுகாக்கப்படாத இன்னொரு ரயிலின் வேஷத்தில். சாதாரண டிக்கெட்டுக்காரர்களின் ரயில் கடைசியில் சொகுசு ரயிலின் சட்டையைப் போட்டுக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அந்தச் சட்டைதான் அதற்குச் சோறு போடுகிறது.

ஒரு பவர் காரை மட்டும் வாங்கி என்ன செய்வது?

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் புலப்படாத சிக்கல் ஒன்று. நீராவி எஞ்சின் ஒன்றைக் காப்பாற்றினால், கிடைக்கிற எந்தப் பழைய பெட்டியையும் பின்னால் மாட்டி ஓட்டிவிடலாம். 125இல் அது நடக்காது. பெட்டிகளின் விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் பவர் காரிலிருந்து 415 வோல்ட் மும்முனை மின்சாரம் போகிறது. மற்ற எஞ்சின்கள் தருவது வேறு வகை மின்சாரம். இந்தப் பெட்டிகளை வேறு எஞ்சின் இழுத்தால் உள்ளே இருட்டு. இந்தப் பவர் கார் வேறு பெட்டிகளை இழுத்தால் அவற்றில் இருட்டு. பஃபர் வேறு கிடையாது, சாதாரணமாக இணைக்கவும் முடியாது. இரண்டு பவர் கார், நடுவில் அதற்கென்றே செய்த பெட்டிகள் என மொத்தத் தொகுப்பையும் காப்பாற்றினால்தான் ரயில். நிறுத்த நீளமான கொட்டகையும் வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் 23 மீட்டர்.

பராமரிப்பிலும் தொல்லைகள் உண்டு. ஓட்டுநர் அறை கண்ணாடி இழை பிளாஸ்டிக்கால் ஆனது, துருப்பிடிக்காது. அதற்குக் கீழேயுள்ள எஃகுச் சட்டம் பிடிக்கும். ரப்பர் குழாய்கள் வெடிக்கும். எஞ்சினை மாதக்கணக்கில் தொடாமல் வைத்தால் முரண்டு பிடிக்கும். ரயில்கள் ஓய்வுபெறும் காலத்தில் உதிரி பாகங்கள் மலிவாகக் கிடைக்கும். அப்போதே வாங்கிக் குவித்துக்கொள்கிற சங்கம் பிழைக்கும். பத்தாண்டு கழித்துத் தேடினால் கிடைக்காது.

125ஐக் காப்பாற்ற வந்தவர்களுக்கு முன்னோடி அனுபவம் ஒன்று இருந்தது. 125க்கு முன் கிழக்குக் கடற்கரைத் தடத்தில் ஓடியவை 'டெல்டிக்' என்ற டீசல் எஞ்சின்கள். மொத்தம் 22. அவற்றை 125 ஓரங்கட்டியபோது ரசிகர்கள் கொதித்தார்கள். 1977லேயே சங்கம் அமைத்தார்கள். ஆறு டெல்டிக்குகள் தப்பின. 'எங்கள் டெல்டிக்கைத் துரத்திய பிளாஸ்டிக் மூக்கு' என்று 125ஐப் பார்த்து அன்று முகம் சுளித்தவர்களின் வழியைத்தான், பின்னால் 125இன் ரசிகர்கள் பின்பற்றினார்கள். சங்கம் எப்படி அமைப்பது, உரிமையாளரிடம் எப்படிப் பேசுவது, எஞ்சினை எப்படி எழுப்புவது எல்லாம் அங்கே ஏற்கெனவே எழுதி வைத்த பாடம்.

பார்க்க விரும்பினால்

125இன் ஆயுள் பிரிட்டனோடு முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1982இல் தொடங்கிய எக்ஸ்பிடி ரயில், 125இன் வடிவமைப்பை அந்நாட்டுப் பாதைகளுக்கு ஏற்ப மாற்றிக் கட்டியதுதான். முகம் மட்டும் வேறு. பிரிட்டனில் ஓய்வுபெற்ற பவர் கார்கள் சில கப்பலேறி மெக்சிகோவுக்குப் போய், பசிபிக் கரையையும் மெக்சிகோ வளைகுடாவையும் இணைக்கும் பாதையில் வேலைக்குச் சேர்ந்தன. அதுவும் ஒருவகைப் பாதுகாப்பு என்பேன். சும்மா நிற்பதைவிட மேல்.

பிரிட்டன் போகிறவர்கள் யார்க்கில் 43002இன் முன்னால் நின்று பார்க்கலாம்; அனுமதிக்குக் கட்டணமில்லை. மூக்கின் அடிப்பகுதியைக் கவனியுங்கள், பஃபர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான வளைவு மட்டும் இருக்கும். குரல் கேட்க வேண்டுமென்றால் வேலன்டா எஞ்சின் இருக்கும் 41001 எங்கே, எப்போது ஓடுகிறது என்று விசாரித்துக்கொண்டு போக வேண்டும். சில பாரம்பரியப் பாதைகளில் டீசல் ரயில்களுக்கென்றே வார இறுதி விழாக்கள் நடக்கும், முன்கூட்டியே அறிவிப்பார்கள்.

இன்னொன்று இருக்கிறது, அதற்கு டிக்கெட் கிடைக்காது. தண்டவாளங்களின் நிலையை அளப்பதற்காக 2003 முதல் மஞ்சள் வண்ணத்தில் ஓடிவரும் 125. ரசிகர்கள் வைத்த பெயர் 'பறக்கும் வாழைப்பழம்'. உள்ளே பயணிகள் இல்லை, கேமராக்களும் லேசர்களும்தான். அது பழம்பெருமைக்காக ஓடுவதல்ல. 125 மைல் வேகத்தில் போய்க்கொண்டே தண்டவாளத்தை அளக்க ஒரு ரயில் வேண்டியிருந்தது. இது கையில் இருந்தது.